ஒரு படி வடு எத்தனை கிலோ?

போன வருடம் போட்ட மாவடு கெட்டுப்போனது. ஜாடியின் துணியை அவிழ்த்தபோது மேலே பால் ஆடை போல வெள்ளையாக ஒன்று படிந்திருந்தது. கரண்டியால் விலக்கிவிட்டு அடியிலிருந்து ஒரு வடுவை எடுத்துக் கடித்தேன். நறுக்கென்று உடைய வேண்டியது கொழகொழவென்று நசுங்கியது. நான்கு கிலோ வடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக் காம்பு கிள்ளிப் போட்டவை. அத்தனையும் தென்னை மரத்தடிக்குப் போயின.

குற்றம் என் கணக்கில்தான். அம்மாவின் சமையல் நோட்டில் ஊதா மையில் இருப்பது இவ்வளவே: ‘வடு 1 படி, கல் உப்பு 1 ஆழாக்கு, மிளகாய்ப் பொடி அரை ஆழாக்கு, கடுகு கால் ஆழாக்கு, மஞ்சள், விளக்கெண்ணெய்.’ நான் வடு வாங்கும் கடையில் கிலோ கணக்கு. படி என்றால் சுமார் 1.34 லிட்டர் என்று எனக்குத் தெரியும். ஆகவே 1.34 கிலோ என்று எழுதிக்கொண்டு, நான்கு கிலோவுக்கு மூன்று படி, மூன்று படிக்கு மூன்று ஆழாக்கு உப்பு என்று போட்டுவிட்டேன்.

கதையைக் கேட்ட அத்தை சிரிக்கவில்லை. “லிட்டரும் கிலோவும் ஒன்றென்று யாரடா உனக்குச் சொன்னது? தண்ணீரையா ஊறுகாய் போட்டாய்?” என்றார்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த வருடம் மாசிக் கடைசியில், நத்தம் பக்கத்து வடு கடைத்தெருவுக்கு வந்ததும், சமையலறை மேடையை ஆய்வுக்கூடமாக்கினேன். கையில் இருந்தவை: அம்மாவின் பித்தளைப் படி, ஆழாக்கு, ஐந்து கிலோ வரை காட்டும் மின்னணுத் தராசு, ஒரு நோட்டு, எண்பது வயதைத் தாண்டிய அத்தை.

முதலில் தராசை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். எடைக்கல் எதுவும் வீட்டில் இல்லை. ஆனால் இரு உலோகப் பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம். பத்து நாணயங்களை அடுக்கி வைத்தேன், 77 காட்டியது. போதும்.

அடுத்து பாத்திரங்கள். தண்ணீரில் ஒரு மில்லி ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால், எந்தப் பாத்திரத்தின் கொள்ளளவையும் தராசே சொல்லிவிடும். வெறும் படியை வைத்துத் தராசைச் சுழியாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன்: 1,338 கிராம். ஆழாக்கு: 165 கிராம். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது வாய்ப்பாடு. எட்டால் பெருக்கினால் 1,320 வருகிறது. அம்மாவின் ஆழாக்கு விளிம்பில் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, அதுதான் குறை. பழைய முகத்தலளவை வாய்ப்பாட்டை அத்தை இன்னும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்: 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஒரு ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறியது. பட்டணம் படி பெரியது. உள்ளூர்ப் படி சிறியது. 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, அடுத்த சில ஆண்டுகளில் கடைகள் கிலோவுக்கும் லிட்டருக்கும் மாறின. சமையல் நோட்டுகள் மாறவில்லை. ஆகவே யாருடைய குறிப்பையாவது எடுத்துக் கிராமுக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால், முதலில் அந்த வீட்டுப் பாத்திரத்தைத் தேடிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றி நிறுத்துவிடுங்கள். பாத்திரம் கிடைக்கவில்லையென்றால் உப்புக்கும் காய்க்கும் உள்ள விகிதத்தை மட்டும் நம்புங்கள்.

இனி வடு. நடுத்தர அளவு, ஒன்று சராசரி பத்து கிராம். படியில் கொட்டி, விளிம்புக்கு மேலே நின்றவற்றைக் கையால் வழித்து, தலைதட்டி நிறுத்தேன்: 772 கிராம். நம்ப முடியாமல் கொட்டிவிட்டு மறுபடி அளந்தேன்: 758. மூன்றாம் தடவை 785. எந்தத் தடவையும் 800ஐக்கூடத் தொடவில்லை. நான் 1,340 என்று எழுதிக்கொண்ட இடத்தில் முக்கால் கிலோவைச் சற்றுத் தாண்டியதுதான் இருந்தது.

மீதி என்ன ஆயிற்று? அதையும் அளக்க முடியும். 772 கிராம் வடு இருந்த படியில், நிறுத்து வைத்த சொம்பிலிருந்து மெல்லத் தண்ணீர் ஊற்றினேன். இங்கே ஒரு சிக்கல் வந்தது. தண்ணீர் ஏற ஏற வடுவும் சேர்ந்து மிதந்து மேலே வருகிறது. இளம் மாங்காய் தண்ணீரைவிட இம்மியளவு இலேசானது போலிருக்கிறது. ஜல்லிக் கரண்டியைக் கவிழ்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தையை ஊற்றச் சொன்னேன். விளிம்பு வரை வந்தபோது சொம்பில் 552 கிராம் குறைந்திருந்தது. ஆக, 1,338 மில்லி படியில் 552 மில்லி வெறும் காற்று. வடு பிடித்த இடம் 786 மில்லி. அந்த இடத்தில் 772 கிராம் என்றால் ஒரு மில்லிக்கு 0.98 கிராம், அது மிதந்ததற்கும் கணக்குச் சரியாகிவிட்டது. படியில் வடுவின் பங்கு 59 விழுக்காடு. ஒரே அளவுக் கோலிக்குண்டுகளைக் கொட்டி நன்றாகக் குலுக்கினால் பாத்திரத்தில் 64 விழுக்காடு வரை நிரம்பும், குலுக்காமல் விட்டால் இன்னும் குறையும் என்பது இயற்பியலில் நன்றாக அளக்கப்பட்ட செய்தி. மாவடுவும் அதே கட்டுக்குள் நிற்பதைப் பார்த்தபோது, போன வருட நஷ்டம் கொஞ்சம் ஆறியது.

குலுக்கிப் பார்த்தேன். படியை மேடையில் பத்துத் தடவை தட்டி, மேலே இடம் விழ விழ வடுவைச் சேர்த்துத் தலைதட்டியதில் 815 கிராம். சரி, அளவு மாறினால்? இதில்தான் என் ஊகம் தவறியது. சின்ன வடு என்றால் இடுக்குகளில் நெருக்கமாக உட்கார்ந்து எடை நிறைய ஏறும் என்று நினைத்திருந்தேன். ஆறு கிராம் பொடி வடு 791; பத்து கிராம் வடு 772; எலுமிச்சையை எட்டிப் பிடிக்கும் 22 கிராம் வடு 741. வித்தியாசம் இவ்வளவுதான். வடிவம் ஒன்றாக இருக்கிற வரை, காய் சிறுத்தால் இடைவெளிகளும் அதே கணக்கில் சிறுக்கின்றன, எண்ணிக்கை கூடுகிறது, பங்கு மாறுவதில்லை. பெரிய வடு கொஞ்சம் குறைந்ததற்குக் காரணம் படியின் சுவர்: வளைந்த ஓரத்தில் பெரிய காய் ஒட்டி உட்காராமல் சந்து விட்டுவிடுகிறது. அகன்ற அண்டாவில் அளந்தால் அந்தக் குறையும் போய்விடும். உண்மையில் எடையை ஏற்றுவது கலப்புதான். பொடியையும் பெரியதையும் கலந்து கொட்டினேன், குலுக்காமலே 812. பெரியவற்றின் சந்தில் பொடிகள் புகுந்துகொள்கின்றன. பொறுக்காமல் அள்ளிப் போடும் வியாபாரியிடம் படிக்கணக்கில் வாங்கியவர்களுக்கு எடை கூடவே கிடைத்திருக்கும்.

இத்தனையையும் நோட்டில் குறித்து, ஒரு படி 770 கிராம் என்று அடிக்கோடிட்டு, உப்பை நிறுக்கத் திரும்பினேன். அத்தை குறுக்கிட்டார். “நீ என்ன, அரிசி மாதிரி வழித்து வழித்து அளக்கிறாய்? வடுவை யாராவது தலைதட்டி அளப்பார்களா?”

“பின்னே எப்படி அளப்பார்கள்?”

“கும்பாரமாக. உப்பைத்தான் தலைதட்ட வேண்டும்.”

நோட்டில் இது இல்லை. எழுதிய அம்மாவுக்கு எழுதத் தோன்றியிருக்காது. தோசையை ஏன் வட்டமாக வார்க்கிறோம் என்று யார் எழுதி வைக்கிறார்கள்? படியை அத்தையிடம் கொடுத்துத் தராசின் மேல் வைத்து அளக்கச் சொன்னேன். முதலில் விளிம்பு வரை சாதாரணமாகக் கொட்டினார். பிறகு ஓரத்தில் ஒரு வளையமாக வடுக்களைக் காம்பு உள்ளே பார்க்கும்படி அடுக்கினார். அந்த வளையம் அணை மாதிரி. அதற்குள்ளே ஒரு கை அள்ளிப் போட்டார், உருளவில்லை. அதன் மேல் இன்னும் ஐந்தாறு. கடைசியாக ஒன்றை உச்சியில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நிறுத்தது 921. கொட்டிவிட்டு மறுபடி அளக்கச் சொன்னேன். முகம் சுளித்தார், ஆனால் அளந்தார். 948, 930, 912, 939. சராசரி 930. ஐந்து தடவைக்கும் நடுவே இருக்கும் அதிகபட்ச வித்தியாசம் 36 கிராம். அதே போல நான் ஐந்து கும்பாரம் அளந்ததில் 870இல் தொடங்கி 980 வரை போயிற்று. ஒரு தடவை உச்சி சரிந்து வடு மேடைக்கு அடியில் ஓடியது. இரண்டு இன்னும் கிடைக்கவில்லை.

உப்பையும் அவரையே அளக்க வைத்தேன். ஆழாக்கில் கல் உப்பு, தலைதட்டி: 170, 173, 172, 174, 171. சராசரி 172. அதே ஆழாக்கில் பொட்டலத் தூள் உப்பைத் தலைதட்டினால் 203. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல் உப்புக்குச் சொன்ன ஆழாக்கைத் தூள் உப்பால் நிரப்பினால், யாரும் ஒரு சிட்டிகை கூடப் போடாமலே உப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. ‘அதே அளவுதானே போட்டேன், ஏன் கரிக்கிறது?’ என்று கேட்பவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு.

இப்போது கணக்கு விழுந்தது. 930 கிராம் வடுவுக்கு 172 கிராம் உப்பு. அதாவது கிலோவுக்கு 185 கிராம். போன வருடம் நான் போட்டது நான்கு கிலோவுக்கு 516 கிராம்; கிலோவுக்கு 129. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உப்பைத் திருடிவிட்டு வடு கெட்டதே என்று புலம்பியிருக்கிறேன். மாவடுவில் உப்பு சுவைக்கு மட்டும் போடுவதில்லை. அதுதான் காயிலிருந்து தண்ணீரை இழுத்துச் சுருங்க வைக்கிறது, ஊறும் நீரில் கண்டதும் வளராமல் காக்கிறது. தேங்காய்த் துருவலைக் கண்ணளவில் போடலாம், குழம்பு கெட்டுவிடாது. ஊறுகாயில் உப்புக்கு அந்தச் சலுகை இல்லை. என்னைக் கேட்டால் சமையலறையில் தராசு வைத்து மாற்றியே தீர வேண்டிய இடங்கள் மிகக் குறைவு. ஊறுகாயும் ஜாமும் அவற்றில் முதல் இரண்டு.

ஜாம் என்றதும், அதையும் அதே வாரத்தில் சோதித்தேன். அம்மாவின் மாம்பழ ஜாமுக்குக் ‘கூழ் 3 டம்ளர், சர்க்கரை 2 டம்ளர்’. வீட்டு எவர்சில்வர் டம்ளர் 207 மில்லி. கூழில் சந்து கிடையாது, காற்று கிடையாது. ஒரு டம்ளர் 218 கிராம், தண்ணீரைவிடச் சற்றுக் கனம், பழத்திலுள்ள சர்க்கரையின் புண்ணியம். சர்க்கரை ஒரு டம்ளர் 178 கிராம்தான், ஏனென்றால் படிகங்களுக்கு நடுவிலும் காற்று. ஆகவே மூன்றுக்கு இரண்டு என்பது 654 கிராம் கூழுக்கு 356 கிராம் சர்க்கரை. டம்ளர் விகிதத்தை அப்படியே எடை விகிதமாக எடுத்துக்கொண்டிருந்தால் 436 கிராம் போட்டிருப்பேன், 80 கிராம் கூடுதல். அம்மாவின் ஜாம் மட்டும் ஏன் மாம்பழமாக மணக்கிறது, நான் செய்வது ஏன் சர்க்கரைப் பாகாக இருக்கிறது என்று பல வருடமாக யோசித்திருக்கிறேன்.

வெட்டிய பழம் இன்னும் ஏமாற்றும். ஒரே அன்னாசிப்பழம், ஒரே டம்ளர்: ஒரு அங்குலத் துண்டுகளாக 124 கிராம், அதையே சுண்டுவிரல் நகமளவு நறுக்கினால் 146, சாறோடு மசித்தால் 211. ‘ஒரு டம்ளர் அன்னாசி’ என்று குறிப்பில் இருந்தால் கத்தி எப்படி வெட்டியது என்று தெரியாமல் எடையைச் சொல்ல முடியாது. முழுப் பழமாகப் போடும் பன்னீர் திராட்சை பரவாயில்லை, எந்தக் கை அளந்தாலும் டம்ளருக்கு 130ஐ ஒட்டியே வந்தது. பெரிய நெல்லிக்காயை டம்ளரில் அளப்பது வீண் வேலை. நாலு காய் போட்டால் ஐந்தாவது தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அதையெல்லாம் எண்ணிக்கையிலோ எடையிலோ சொல்வதுதான் முறை. எலுமிச்சை ஊறுகாய்க்கு ‘பழம் 25’ என்று அம்மா எழுதியிருக்கிறார். இன்று கடையில் வாங்கிய ஒரு கிலோவில் மிகச் சிறியது 28 கிராம், மிகப் பெரியது 55. எண்ணிக்கையும் பெரிய யோக்கியம் இல்லை.

இதற்கு நடுவே புளி. ஒரு பழத்தின் பருமனை இன்னொரு பழத்தால் அளக்கும் வழக்கத்துக்கு ‘எலுமிச்சை அளவு புளி’யைவிட நல்ல உதாரணம் இல்லை. அத்தை சாம்பாருக்குக் கிள்ளி உருட்டும் புளியை ஒரு வாரம் அவருக்குத் தெரியாமல் வாங்கி நிறுத்தேன்: 27, 31, 29, 34, 30. ரசத்துக்கு ‘நெல்லிக்காய் அளவு’ 12லிருந்து 14. ஆனால் நடுத்தர எலுமிச்சம்பழம் ஒன்றின் பருமனுக்குப் புளியை அழுத்தி உருட்டினால் ஐம்பதை நெருங்குகிறது. அத்தையின் எலுமிச்சை, கடை எலுமிச்சையைவிட மிகச் சிறியது. கேட்டபோது, “கொல்லையில் நின்றதே நாட்டு எலுமிச்சை, அதன் அளவு” என்றார். அந்த மரத்தை வெட்டி முப்பது வருடமாகிறது.

இனி இந்த வருட ஜாடி. மூன்று கிலோ வாங்கி, அடிபட்டது, தோல் கீறியது, காம்பு முழுக்க உதிர்ந்து பால் வடிந்தது எல்லாவற்றையும் ஒதுக்கியபின் 2,840 கிராம். ஒதுக்கியதை உப்பும் மிளகாயும் தொட்டு அன்றே தின்று தீர்த்தோம். எடையை எப்போது பார்ப்பது என்பதும் முக்கியம்: கடையில் போட்ட எடையை வைத்து உப்புப் போடக் கூடாது, பொறுக்கிக் கழுவி ஈரம் போகத் துணியில் உலர்த்தியபின் வரும் எடைதான் கணக்கு. 2,840க்கு உப்பு 525 கிராம். மிளகாய்ப் பொடி அரை ஆழாக்கு 40 கிராம் நின்றது, இந்தக் கணக்குக்கு 122. கடுகு கால் ஆழாக்கு 29 கிராம், அது 89 ஆயிற்று. மஞ்சள் தூள் இரண்டு தேக்கரண்டி. அதை நிறுக்கும் அளவுக்கு நான் முற்றிவிடவில்லை.

விளக்கெண்ணெய் இரண்டு தேக்கரண்டி ஊற்றி வடு முழுக்க மினுங்கும்படி புரட்டி, ஜாடியில் ஒரு அடுக்கு வடு, ஒரு கை உப்பும் மஞ்சளும் என்று போட்டு மூடித் துணி கட்டினேன். காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்கிவிட்டேன். இரண்டாம் நாள் அடியில் நீர் தெரிந்தது. நான்காம் நாள் பாதி ஜாடி. ஏழாம் நாள் தோல் சுருங்கி, பச்சை மங்கி, வடுவெல்லாம் நீருக்குள் இறங்கிவிட்டது. போடும்போதே 104 கிராம் நிறுத்து, சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்திருந்த பத்து வடுக்களை எடுத்துத் துடைத்து நிறுத்தேன்: 79 கிராம். கால் பங்கு எடை தண்ணீராக வெளியே வந்திருக்கிறது. அந்த உப்புநீரையே வடித்து எடுத்து, மிளகாய்ப் பொடியையும் கடுகையும் அதில் விட்டு அரைத்து, மறுபடி ஜாடியில் கொட்டிக் கலந்தேன். வெளித் தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை.

மூன்றாவது வாரம் திறந்தோம். மேலே ஆடை இல்லை. வாடையும் நல்ல மாவடு வாடை, கடுகு மூக்கில் ஏறியது. அத்தைக்குப் பல் போதாது. ஒரு சின்ன வடுவைக் கத்தியால் கீறிக் கொடுத்தேன். நாக்கில் வைத்துக்கொண்டு சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “உப்புச் சரி. காரம் போதாது. இந்த மிளகாய்ப் பொடிக்கு ஒன்றும் உறைப்பே இல்லை” என்றார்.

இன்னும் 30 கிராம் மிளகாய்ப் பொடியை அதே நீரில் குழைத்துச் சேர்த்தேன். நோட்டில் அம்மாவின் ஊதா மைக்குக் கீழே பென்சிலால் எழுதியிருந்த 122ஐ அடித்துவிட்டு 152 என்று எழுதி, பக்கத்தில் ‘வடு கும்பாரம், உப்பு தலைதட்டி’ என்றும் சேர்த்தேன்.